நீண்ட அங்குலம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முதலில் சந்தேகப்பட்டது என் தையல் டேப்பை.

காலடிப்பேட்டையில் ஒரே வாசலுக்குள் ஆறு குடித்தனம். எங்களுடையது கிணற்றை ஒட்டிய அறை. ஜன்னலோரம் மிஷின், மிஷின் மேல் டீச்சரம்மா ஒருவரின் ரவிக்கைத் துணி. அளக்கப் போனால் டேப்பைக் காணோம். கைக்கு அகப்பட்டது என் வீட்டுக்காரரின் மர ஸ்கேல். அதை வைத்துச் சாக்கட்டியால் பதினைந்து அங்குலத்துக்குக் கோடு போட்டேன். கத்தரிக்கோலை எடுக்கக் குனிந்தபோது மிஷின் மிதிக்கு அடியில் டேப் சுருண்டு கிடந்தது. வெட்டுவதற்கு முன் இரண்டு தரம் அளப்பது என் வழக்கம். அளந்தேன். பதினைந்தும், அதற்கு மேல் அரைக்கால் அங்குலம் நன்றாகவே கூடவும் வந்தது.

போன வாரம் துவைக்கிற வாளிக்குள் டேப் விழுந்ததே, சுருங்கிவிட்டது போல, என்று நினைத்துக்கொண்டேன். கத்தரிக்கோலைத் துணியில் வைத்தேன். வெட்டவில்லை. பழைய டேப் இழுபட்டு நீளும். எத்தனை டேப்பைத் தேய்த்து எறிந்திருக்கிறேன், ஒன்றாவது சுருங்கியதுண்டா? எண்ணெய்த்துணி டேப் அது. தண்ணீர் அதில் ஒட்டவே ஒட்டாது.

அப்படியானால் ஸ்கேல்.

அந்த ஸ்கேலை நம்பித்தான் மறுநாள் காலைப் பத்து மணி நின்றுகொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் திருவொற்றியூரில் ஒரு வார்ப்படச் சாலையில் கூலி. பத்து வருஷமாக உலையண்டை கரி கொட்டி, உருகின இரும்பைச் சுமந்து, கண்ணில் பாதி அனலுக்கே போய்விட்டது. நெருங்கி நெருங்கி இருக்கிற கோடுகள் அவருக்குக் கலங்கித் தெரியும். அங்கே இரும்பை அராவிப் பொருத்துகிற பிட்டர் வேலைக்கு ஒரே ஓர் இடம் காலியாகியிருந்தது. கூலிகளிலிருந்து ஓர் ஆளை எடுப்பார்கள், பரீட்சை வைப்பார்கள். இரும்புத் தகடு ஒன்றை ஆறங்குலத்துக்கு நாலங்குலமாக அராவிக் கொடுக்க வேண்டும். ஸ்கேல் அவரவர் கொண்டுவர வேண்டும். சீமை எஃகு ஸ்கேல் எங்களுக்கு எட்டாத பொருள். அவரிடம் இருந்தது மர ஸ்கேல். அது வாங்கினதல்ல, வந்தது.

கொடுத்தவர் அதே சாலையின் பேட்டர்ன் மேஸ்திரி. இரும்பில் என்ன வார்க்கவேண்டுமோ அதை முதலில் மரத்தில் செய்து கொடுப்பார். அந்த மர உருவை மணலில் பதித்து, பதிந்த பள்ளத்தில் இரும்பை ஊற்றுவார்கள். ராயபுரத்துக் கிறிஸ்தவர். ஆனால் ஆயுதபூஜைக்கு உளியைத் துடைத்துப் பொட்டு வைப்பதில் அவர்தான் முதல் ஆள். அன்றைக்கு அவருடைய பட்டறையில், பேட்டர்ன் கடை என்பார்கள், ஒரு பழக்கம். யாருக்காவது எதையாவது தன் கையால் செய்து கொடுக்க வேண்டும், கடையில் வாங்கியது ஆகாது. அந்த வருஷம் மேஸ்திரி ஒரு ஸ்கேலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அந்த மாதிரி ஸ்கேலை அதற்கு முன் நான் கண்டதில்லை. கோடே கிடையாது, எல்லாம் வெட்டு. அங்குலத்துக்கு ஆழமான வெட்டு, நகம் முழுசாக உள்ளே இறங்கும். அரைக்குப் பாதி ஆழம். காலுக்கு அதிலும் பாதி. அரைக்காலுக்கு விரலில் ஒரு முள் இடறுகிற அளவு. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஓட்டினால் கணக்கு தானாக வரும். இவருக்குக் கோடு கலங்குகிறது என்று யாரும் மேஸ்திரியிடம் சொல்லவில்லை. கேன்டீனில் எழுதிப்போட்ட பலகையை இவர் பக்கத்து ஆளைப் படிக்கச் சொல்லிக் கேட்டதை அவர் ஒரு நாள் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

மரத்துக்கும் ஒரு சங்கதி உண்டு. உடைந்துபோய் உலைக்குப் போக இருந்த பழைய அச்சு அது. அதற்கே விறகுச் சீட்டு எழுதி வாங்கி, கேட்டுக்காரனிடம் காட்டித்தான் வெளியே கொண்டுவந்தார். இந்தத் துண்டுக்கா சீட்டு என்று கேட்டுக்காரன் சிரித்தானாம். திருட்டு மரத்தைக் கொடுத்தால் வாங்குகிறவனும் சேர்ந்து திருடுகிறான், அப்புறம் அது என்ன பரிசு என்று மேஸ்திரி சொன்னாராம். இன்னொரு கொள்கையும் அவருக்கு இருந்தது. கொடுத்த பொருளைப் பற்றிப் பிறகு விசாரிக்க மாட்டார். எப்படி இருக்கிறது, உபயோகப்படுகிறதா என்று கேட்டால் அது கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவதுபோல என்பார்.

பாடம் சொல்லிக்கொடுத்தது நான். எட்டாவது வரை படித்தவள் அந்த வாசலில் நான் ஒருத்திதான். ஓர் அங்குல அகலத்துக்குத் துணிக்கீற்று வெட்டி, மடித்தால் அரை, இன்னொரு மடிப்புக்குக் கால், இன்னொன்றுக்கு அரைக்கால், இன்னும் ஒன்று மடித்தால் வீசம் என்று அவர் கையிலேயே மடிக்கச் சொன்னேன். வேலைக்குப் போகும் வழியெல்லாம் நிஜார்ப் பையில் கையை விட்டு ஸ்கேலைத் தடவிக்கொண்டே போவார். "இன்னா மாமு, பையில எலிக்குட்டி வளக்கிறியா?" என்று கூடப் போகிறவர்கள் கேலி பண்ணுவார்கள். ஆறு மாதம் தடவினார். சனிக்கிழமை தகட்டுக்கு அளவு குறித்து, வெட்டி, முக்கால்வாசி அராவி முடித்துவிட்டார். போர்மேன் அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். திங்கட்கிழமை எட்டு மணிக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். பத்துக்குள் மெருகு போட்டு ஒப்படைக்க வேண்டும்.

பரீட்சைக்கு மிஞ்சியிருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இவர். மற்றவன் மேஸ்திரியின் மச்சான்.

சவரம் செய்துகொண்டு, தோளில் துண்டோடு என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். ஒன்றும் சொல்லாமல் டேப்பையும் ஸ்கேலையும் பக்கம் பக்கமாக வைத்து, அவர் கட்டைவிரலைப் பிடித்து ஸ்கேலின் ஆறாவது வெட்டில் வைத்தேன். பிறகு டேப்பின் ஆறைக் காட்டினேன். இடையில் ஒரு வீசம்.

அவர் அந்த இடைவெளியில் நகத்தை வைத்துப் பார்த்தார்.

"அவன் மச்சான் பேரும் லிஸ்ட்ல கீது," என்றார்.

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆயுதபூஜைக்கு வந்த ஸ்கேலுக்கு ஆறு மாதம் கழித்து வரப்போகிற பரீட்சை எப்படித் தெரியும் என்று என் ஒரு பக்கம் கேட்டது. இடம் காலியாகப் போவது மேஸ்திரிகளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்காதா என்று மறுபக்கம் கேட்டது.

கெட்டதிலும் ஒரு நல்லது இருந்தது. ஸ்கேல் நீளமானது, ஆகவே தகடும் பெரிதாகத்தான் நிற்கும். பெரிதை அராவிச் சரி செய்யலாம். குறைந்திருந்தால் குப்பைதான். இதைச் சொன்னதும் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. உடனே கணக்குப் போட ஆரம்பித்தார். டேப்பை எடுத்துக்கொண்டு போவது. வாயைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் அராவுவது. மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை வேண்டாம்.

"அந்த அண்ணன் தெரிஞ்சு செஞ்சாரா, தெரியாம செஞ்சாரான்னு கேக்க வாணாமா?"

"கேட்டு இன்னா ஆவப் போவுது? தெரிஞ்சு செஞ்சிருந்தா சிரிப்பான். தெரியாம செஞ்சிருந்தா, மச்சானுக்கும் இதே மாதிரிதான் ஒண்ணு செஞ்சு குட்த்திருப்பான். நீ போய்ச் சொன்னீனா அவனும் நாளைக்கு அராவிடுவான். கம்முனு கிடமே."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் என்னை வாட்டியது. மேஸ்திரி கெட்டவராக இருந்தால் போய்க் கேட்பதில் எங்களுக்கு நஷ்டமில்லை. நல்லவராக இருந்தால் எங்கள் இடம் போனாலும் போகும். கேட்காமலே இருந்துவிடலாம்தான். ஆனால் இடம் கிடைத்து, இவர் பிட்டராகி, அந்த ஸ்கேல் ஆணியில் தொங்குகிற ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்து நான் என்ன நினைத்துக்கொள்வேன்? விஷம் என்றா, வெல்லம் என்றா? ஒரு ஜன்மத்துக்கும் தெரியாமல்?

ஸ்கேலையும் டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினேன். அவர் தடுக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தண்டையார்ப்பேட்டை ரயில் கேட்டில் பஸ் நின்றுவிட்டது. துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டி, பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. உப்பும் கரியும் கலந்த காற்று. இறங்கித் திரும்பி நடந்துவிடலாம் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தரம் நினைத்தேன். கடைசிப் பெட்டி போயிற்று, கேட் திறந்தது, நான் இறங்கவில்லை.

மாதா கோயிலுக்குப் பின்சந்தில் மேஸ்திரி வீடு. பூசை முடிந்து வந்த வெள்ளை வேட்டியோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் சம்சாரம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மச்சான் அவளுடைய தம்பி. நெட்டுக்குப்பத்தில் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தான், சாயங்காலம்தான் வருவான்.

ஸ்கேலை அவர் முன்னால் வைத்து, அளவு சரியில்லை அண்ணே என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அலமாரியிலிருந்து அதே போல இன்னொரு ஸ்கேலை எடுத்துவந்தார். மச்சானுடையது. இரண்டையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். வெட்டுக்கு வெட்டு, மயிரிழை பிசகவில்லை.

"பாத்தியா தங்கச்சி? ரெண்டும் ஒரே அச்சு. உன் டேப்பைத் தூக்கிக் கடாசு."

அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்து செய்ததல்ல. மார்பிலிருந்து ஒரு கல் இறங்கி, அதே இடத்தில் இன்னொரு கல் ஏறியது. இங்கேயே எழுந்து போய்விடலாம். டேப்தான் கெட்டது போல, மன்னிச்சுக்கோங்க அண்ணே என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். மச்சான் நாளைக்கு ஒரு வீசம் பெரிய தகட்டை நீட்டுவான்.

நாக்கு நுனிவரை அது வந்தது. எழுதுகிற இந்த வயதிலும் அதன் ருசி நினைவிருக்கிறது.

வேறே ஸ்கேல் ஏதாவது வைத்து அளந்து பாருங்கள் என்றேன். அவர் வீட்டில் நாலு ஸ்கேல் இருந்தன. நாலும் அவர் தொழில் ஸ்கேல். நாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. எதிர்த்து நின்றது என் டேப் ஒன்றுதான். அவருக்கும் இப்போது நெற்றி சுருங்க ஆரம்பித்திருந்தது.

"பாய் கடை கஜத்தை வெச்சுப் பாத்துடலாம் வா," என்றார்.

மார்க்கெட் தெருத் துணிக்கடை பாய்க்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. சர்க்கார் முத்திரை குத்திய அவருடைய இரும்புக் கஜக்கோலை மேஸ்திரி கேட்டதும் அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"இன்னா மேஸ்திரி, என் கஜத்து மேலயே டவுட்டா?"

"என் இஞ்சு மேல டவுட்டு பாய்."

மூன்றடிக் கஜக்கோலின் மேல் ஓரடி மர ஸ்கேலை மூன்று தரம் புரட்டி வைத்தார் மேஸ்திரி. மூன்றாவது தரம் ஸ்கேலின் முனை கோலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. காலே அரைக்கால் அங்குலம். என் டேப்பை வைத்தோம். கோலின் முனைக்கு நேராக டேப்பின் முப்பத்தாறு நின்றது.

"இந்த இஞ்சுல துணி வித்தா ஆறே மாசத்துல நான் கடையை மூடிக்கினு போவ வேண்டியதுதான்," என்று பாய் சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை. கடைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம்தான் சொன்னார். ஊற்றும்போது இரும்பு பெரிதாக இருக்கும், ஆறினால் சுருங்கும், அடிக்கு அரைக்கால். அதற்காகப் பேட்டர்ன் போடுகிறவர்களின் ஸ்கேலே அந்த அளவுக்கு நீட்டித்தான் வரும். மரத்தைப் பெரிதாகச் செய்தால்தான் இரும்பு கடைசியில் சரியாக நிற்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இதை முதல் நாளே மேஸ்திரிதான் சொல்வாராம்.

"இருவது வருசமா இதான் இஞ்சுன்னு கை பழகிப் போச்சு தங்கச்சி. பரிசு குடுக்கறப்போ கூட கை அதையே போட்டுக்கினு கீது. குடுத்தப்புறம் கேக்கக் கூடாதுன்னு பெரிய மனுசனாட்டம் இருந்துட்டேன். ஒரு வாட்டி கேட்டிருந்தா இன்னா?"

ஞாயிற்றுக்கிழமை, எஃகு ஸ்கேல் விற்கிற கடை ஒன்றும் திறந்திருக்காது. மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்தார். கல்லாவுக்குப் பின்னால் காலி பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. அதன் மூடியை வாங்கி, பாயின் பழைய கத்தரியால் இரண்டு கீற்று வெட்டினார். முழு அடி வேண்டாம், அங்குலம் அங்குலமாக வெட்டவும் வேண்டாம். ஒரு முனையிலிருந்து நாலில் ஒரு வெட்டு, ஆறில் ஒரு வெட்டு. இரண்டே வெட்டு. தகட்டில் வைத்தால் போதும், படிக்கவேண்டியதுகூட இல்லை. அத்தனை கலக்கத்திலும் அவர் மூளை அப்படி ஓடியது எனக்கு ஆச்சரியம்.

வெட்டப்போன கை நின்றது. கத்தரியை என்னிடம் நீட்டினார்.

"என் கைய நம்பாத. நீ போடு."

கஜக்கோலின் மேல் டின் கீற்றை அழுத்திப் பிடித்து, ஊசி முனையால் குறித்து, நான்தான் வெட்டினேன். இரண்டிலும். இரண்டாவது கீற்று மச்சானுக்கு. அதையும் வெட்டுவதற்கு முன் இரண்டு தரம் அளந்தேன்.

திரும்பி வந்து அந்தக் கீற்றை மேஸ்திரி தன் சம்சாரத்திடம் கொடுத்து விவரம் சொன்னார். மீன் கையைத் துடைத்துக்கொண்டே அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ சொல்லாம இருந்தா உன் வூட்டுக்காரருக்குத்தானே லாபம்? இன்னாத்துக்கு வந்து சொல்ற?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டேன்.

வீட்டில் அவர் படுத்த இடத்திலேயே இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். டின் கீற்றைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, இதுவும் அவன் வெட்டினதுதானே என்றார்.

"அவரு வெட்டல. நான் அளந்தேன், நான் வெட்டனேன்."

"அவனுக்கும் நீதான் வெட்டிக் குட்த்தியா?"

"ஆமா."

அவர் மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. காலையில் சாப்பிடாமல் போனார். கீற்றைக் கோரைப்பாய்க்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா என்று பாயை உதறிப் பார்த்தேன். இல்லை, எடுத்துப்போயிருந்தார். எட்டு மணிச் சங்கு ஊதியது. மிஷினில் உட்கார்ந்து டீச்சரம்மா ரவிக்கையை மூன்று தரம் தைத்து மூன்று தரம் பிரித்தேன். பத்து மணிக்குச் சங்கு கிடையாது. ஆனாலும் எனக்குக் கேட்டது.

நடந்ததை அவர் சாயங்காலம் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னார். இருவரும் அடுத்தடுத்த பட்டறையில் நின்று அராவியிருக்கிறார்கள். ஒருவர் கையில் இருந்த டின்னை மற்றவர் பார்த்தும் பார்க்காத மாதிரி. இரண்டு தகடும் போர்மேனின் அளவுக்குச் சரியாக நின்றன. பிறகு போர்மேன் தன்னுடைய எஃகு ஸ்கேலைக் கொடுத்து, ஓர் இடத்தைத் தொட்டு இது எவ்வளவு என்று வாயால் சொல்லச் சொல்லியிருக்கிறார். மச்சான் சொல்லிவிட்டான். இவர் ஸ்கேலை வாங்கிக் கட்டைவிரலை ஓட்டியிருக்கிறார். எஃகு வழவழப்பு. விரலில் ஒன்றும் இடறவில்லை. கண்ணருகே பிடித்தார், தள்ளிப் பிடித்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் யாரோ சிரித்தார்களாம்.

இடம் மச்சானுக்குப் போயிற்று.

அவர் கோட்டைப் படிக்க முடியாமல் போனதில் மேஸ்திரிக்குப் பங்கில்லை. வெட்டைத் தடவக் கற்றுக்கொண்டதும் கோட்டுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டியவள் நான். அவர் விரல் வேகமாகக் கற்றுக்கொண்ட சந்தோஷத்தில் அங்கேயே நின்றுவிட்டேன். கலங்கின கண்ணுக்குக் கண்ணாடி ஒன்று போட்டுப் பார்க்கலாமே என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. இதைச் சொன்னபோது அவர் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

மூன்று வாரம் அந்த அறையில் பேச்சு வேண்டிய அளவுக்குத்தான் நடந்தது. சோறு, தண்ணீர், சங்கு. மேஸ்திரி வரவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தால், இடம் போனதை நாங்கள் சொல்லிக் காட்டுவோமோ என்று பயந்திருக்கலாம். ஸ்கேலை நான் துணிமூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை, அது எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பழைய பேப்பரில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறப் போனார். பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அப்புறம் அந்த முகத்தில் விழிக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். உறவு அறுகிறது, என்னால் அறுகிறது என்று வாசற்படியில் நின்றேன். ஈரத்துணி தோளிலேயே காய்ந்தது.

மத்தியானம் திரும்பி வந்தார். கக்கத்தில் அதே பேப்பர் சுருள்.

"வாங்கிக்க மாட்டேன்னாரா?"

"நான் குடுக்கவே இல்லியே." சுருளைப் பிரித்து ஸ்கேலை ஆணியில் மாட்டினார். "இது எந்த எடத்துல சரியா கீதோ அந்த எடத்துக்கு என்னையும் கூப்டுக்கோன்னு கேட்டேன். பலவை தூக்கிப் போடற வேலை கீதாம். கூலி அதேதான்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. பேட்டர்ன் கடை. அங்கே அந்த நீண்ட அங்குலம்தான் அங்குலம். ஆறு மாதம் தடவித் தடவி அவர் கட்டைவிரல் மனப்பாடம் செய்தது அதைத்தானே. அங்கே வளைவையும் வழவழப்பையும் விரலால் தடவித்தான் பார்ப்பார்களாம். போர்மேன் முதலில் விடவில்லை. எட்டு மாதம் பலகை சுமந்த பிறகுதான் உளியைக் கையில் கொடுத்தார்கள். கண்ணாடி அதற்கு முந்தின மாதமே போட்டாகிவிட்டது.

உளி பிடித்த புதிதில், என் மிஷினுக்கு மேலே சுவர் மாடத்தில் பொருத்த ஒரு பலகை வேண்டுமென்று கேட்டேன். இரண்டடி என்று டேப்பால் அளந்து சொன்னேன். அவர் தன் ஸ்கேலால் அளந்து அறுத்துக்கொண்டு வந்தார். மாடத்துக்குள் போகவில்லை. கால் அங்குலம் இடித்தது. இரண்டு பேரும் பலகையை ஆளுக்கொரு முனை பிடித்துக்கொண்டு அப்படியே நின்றோம். பரீட்சை நடந்த பிறகு அவர் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"இன்னாமே," என்றார், "சொல்றப்பவே உன் இஞ்சா என் இஞ்சான்னு சொல்ல வாணாமா?"